உடையும் படமும் நிற்கும் ஒலியும்: தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சியின் கோளாறுகள்

தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வழியாகவோ தெருக் கம்பத்துக் கேபிள் வழியாகவோ வருவதில்லை. உயரமான கோபுரம் ஒன்றிலிருந்து காற்றில் பரவும் அலைகளை வீட்டு ஆன்டெனா பிடித்துத் தருகிறது. பிரிட்டன் இதை 1998இல் தொடங்கியது. கட்டணமில்லாத ‘ஃப்ரீவியூ’ சேவை அங்கே 2002 அக்டோபர் 30இல் வந்தது. சிங்கப்பூரில் வசந்தம் உள்ளிட்ட மீடியாகார்ப் அலைவரிசைகளும், மலேசியாவில் மைடிவி தளத்து அலைவரிசைகளும் இதே வழியில்தான் வீடுகளுக்கு வருகின்றன. இந்தியாவில் தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் இந்தச் சேவையைத் தொடங்கியது. இவற்றுள் நீண்ட அனுபவம் பிரிட்டனுக்கு உண்டு. ஏறக்குறைய எல்லா வகைக் கோளாறும் அங்கே வந்திருக்கிறது, அவற்றுக்கான தீர்வுகளும் தெளிவாகியிருக்கின்றன. இங்கே சொல்லப்படும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அந்நாட்டைச் சேர்ந்தவை. அவற்றின் பின்னுள்ள இயல்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றே.

பழைய அனலாக் தொலைக்காட்சி கெட்டுப்போகும் விதமே வேறு. சிக்னல் குறையக் குறைய திரையில் புள்ளிகள் கூடும்; உருவத்துக்குப் பக்கத்தில் நிழலுருவம் தெரியும்; ஒலியில் இரைச்சல் ஏறும். ஆனாலும் கதை புரியும். டிஜிட்டல் முறையில் இந்த இடைநிலை கிடையாது. அனுப்பும்போதே பிழை திருத்துவதற்கான கூடுதல் தகவலும் சேர்த்தே அனுப்பப்படுகிறது. பெட்டி அதைக்கொண்டு வழியில் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்துகொள்கிறது. சேதம் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. எல்லையைத் தாண்டிய கணத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும், ஒலி விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வந்து நிற்கும்.

பல குழப்பங்கள் இந்த இயல்பிலிருந்தே வருகின்றன. மாதக்கணக்கில் பளிச்சென்று தெரிந்த படம் ஒரு மழைநாளில் திடீரென உடைந்தால், பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த வீட்டின் சிக்னல் முதல் நாளிலிருந்தே எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் இருந்திருக்கும். படம் தெளிவாக இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. டிஜிட்டல் படம் நன்றாகத் தெரிவது ஒன்றை மட்டுமே உறுதிசெய்கிறது: இந்த நொடியில் சிக்னல் போதுமானதாக இருக்கிறது. எவ்வளவு கையிருப்போடு இருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

படமும் ஒலியும் உடைவதற்குத் தனித்தனி முறை உண்டு. டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு சட்டகமும் முழுதாக அனுப்பப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுச் சட்டகமும், நடுவில் அதிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே கொண்ட சட்டகங்களும் வருகின்றன. ஒரு சட்டகத்தில் பிழை விழுந்தால், அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை அந்தப் பிழை பின்வரும் சட்டகங்களிலும் தொடரும். முகத்தின் ஒரு பகுதி சிதறி, அரை விநாடி போல அப்படியே இழுபட்டு, சட்டென்று சரியாவது இதனால்தான். ஒலி சிறுசிறு துண்டுகளாக வருகிறது. பிரிட்டனின் சாதாரணத் தரத்து அலைவரிசைகளில் ஒரு துண்டின் நீளம் 24 மில்லிவிநாடி. ஒரு துண்டு கெட்டுப்போனால் பெட்டி அதை ஒலிக்காமல் விட்டுவிடும், அல்லது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சிக்னல் கோளாறு என்றால் பெரும்பாலும் படமும் ஒலியும் சேர்ந்தே பாதிக்கப்படும். இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கோளாறு வந்தவுடன் ரிமோட்டை எடுத்து மறு ட்யூன் செய்வது பலரின் பழக்கம். அது தவறான தொடக்கம். எல்லா அலைவரிசைகளிலும் கோளாறா, சிலவற்றில் மட்டுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிஜிட்டலில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி அலைவெண் இல்லை. பல அலைவரிசைகள் ஒரே கட்டாகச் சேர்க்கப்பட்டு ஓர் அலைவெண்ணில் அனுப்பப்படுகின்றன. இந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். பிரிட்டனில் ஒரு மல்டிபிளெக்ஸின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ். சாதாரணத் தரத்துக்கான பொதுச்சேவைக் கட்டு ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 24 மெகாபிட் தகவலைச் சுமக்கிறது. பிபிசியின் முதல் இரண்டு அலைவரிசைகளின் சாதாரணத் தர வடிவம் ஒரு கட்டிலும், ஐடிவி, சேனல் 4 ஆகியவை இன்னொன்றிலும், எச்.டி. அலைவரிசைகள் மூன்றாவதிலும் வருகின்றன.

எனவே ஒரு கட்டைச் சேர்ந்த அலைவரிசைகள் மட்டும் ஒன்றாகக் காணாமல் போனால், அந்த அலைவெண்ணுக்கு மட்டும் ஏதோ நேர்ந்திருக்கிறது: குறுக்கீடு வந்திருக்கலாம், அந்த அலைவெண்ணுக்கு ஆன்டெனா பொருந்தாமல் இருக்கலாம். எல்லாக் கட்டுகளும் சேர்ந்து போனால் ஆன்டெனா, கேபிள், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஓர் அலைவரிசை மட்டும் கெட்டு, அதே கட்டிலுள்ள மற்றவை நன்றாக இருந்தால், பிழை ஒளிபரப்பு நிலையத்தின் பக்கம்தான் இருக்கும். வீட்டில் எதையும் தொட வேண்டியதில்லை. எந்த அலைவரிசை எந்தக் கட்டில் வருகிறது என்பதைப் பெரும்பாலான பெட்டிகளின் சிக்னல் தகவல் பக்கத்தில் உள்ள அலைவெண்ணைக்கொண்டு கண்டுகொள்ளலாம்.

சில அலைவரிசைகள் வராமல் இருப்பது கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். பிரிட்டனில் சுமார் 80 பெரிய கோபுரங்கள் எல்லாக் கட்டுகளையும் அனுப்புகின்றன. மலை மறைவிலுள்ள ஊர்களுக்காக வைக்கப்பட்டுள்ள சிறிய துணைக் கோபுரங்கள், மிகப் பெரும்பாலும், மூன்று பொதுச்சேவைக் கட்டுகளை மட்டுமே அனுப்புகின்றன. அந்த ஊர்களில் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் வணிகக் கட்டுகளின் அலைவரிசைகள் வரப்போவதில்லை. எச்.டி. மட்டும் வராவிட்டால் பெட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் எச்.டி. சேவை டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை முறையில் வருகிறது. முதல் தலைமுறைப் பெட்டிக்கு அது புரியாது. பிரான்ஸ் 2016 ஏப்ரலில் எம்பெக்-4 என்ற படச்சுருக்க முறைக்கு முழுதாக மாறியது. ஜெர்மனி 2017 மார்ச்சில் டிவிபி-டி2 முறைக்கும் புதிய படச்சுருக்க முறைக்கும் மாறத் தொடங்கியது. இரு நாடுகளிலும், அதுவரை குறையின்றி இயங்கிய பழைய பெட்டிகளுக்கு மாற்று தேவைப்பட்டது. அங்கே எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒளிபரப்பின் முறைதான் மாறியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது சிக்னல் தகவல் பக்கம். அதில் வலிமை, தரம் என இரண்டு அளவுகள் இருக்கும். பலர் வலிமையை மட்டும் பார்த்துவிட்டு ‘சிக்னல் நிறைய இருக்கிறதே’ என்று வியப்பார்கள். முடிவைத் தீர்மானிப்பது தரம்தான். ஒருவர் உரக்கக் கத்துவது வேறு, அவர் சொல்வது புரிவது வேறு. வலிமை குறைந்து தரமும் குறைந்தால் சிக்னல் வழியில் எங்கோ இழக்கப்படுகிறது. வலிமை நிறைய இருந்தும் தரம் குறைவாக இருந்தால் குறுக்கீடோ, எதிரொளித்து வரும் அலைகளோ, அளவுக்கு மீறிய சிக்னலோ காரணமாக இருக்கும்.

அளவுக்கு மீறிய சிக்னல் என்பதைப் பலர் நம்புவதில்லை. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் 200 கிலோவாட் திறனோடு ஒளிபரப்புகிறது. அதன் அருகே வசிப்பவர் வீட்டில் படம் உடைகிறது என்று பூஸ்டர் ஒன்றைப் பொருத்தினால், பெட்டியின் உள்ளே வரும் சிக்னல் மிகுந்து ட்யூனர் திணறும். படம் இன்னும் மோசமாகும். அவர் செய்ய வேண்டியது பூஸ்டரைக் கழற்றுவது. தேவைப்பட்டால் சிக்னலைக் குறைக்கும் சிறிய அட்டென்யுவேட்டர் ஒன்றைக் கேபிளில் சேர்க்கலாம். விரல் நீளமுள்ள இந்தப் பொருள் விலை குறைவு. சுவரிலுள்ள ஆன்டெனா முனையில் கிடைக்க வேண்டிய அளவு 45 முதல் 65 டெசிபெல் மைக்ரோவோல்ட் வரை என்பது தொழில்நுட்பர்கள் கொள்ளும் பொது வழிகாட்டி. இதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் வரும் கோளாறின் தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். அளந்து பார்க்காமல் பூஸ்டர் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கோளாறுகளில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில்தான் பிறக்கிறது. பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் முனையைக் கழற்றிப் பார்த்தால், நடுக்கம்பியை வெளிவலையின் ஒரு மெல்லிய இழை தொட்டுக்கொண்டிருப்பது தெரியலாம். அந்த ஓர் இழை போதும், சிக்னல் அற்றுப்போக. முனை தளர்ந்திருந்தால், தூசு தட்டப் பெட்டியை நகர்த்தியவுடன் படம் போகும். கூரையில் ஆன்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தில் மூடி விரிந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து வரும். மழை பெய்யும்போதும் அதன் பிறகு ஓரிரு நாளும் கோளாறு, வெயில் வந்ததும் சரி என்ற வரிசை இருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். நீர் புகுந்த கேபிளை உலர்த்திப் பயனில்லை. செம்பு துருப்பிடித்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது, வெளிவலை நெருக்கமாகவும் அதன் கீழே உலோகத் தகடும் உள்ள இரட்டைக் காப்புக் கேபிளை வாங்குவது நல்லது. வலை அடர்த்தியில்லாத பழைய பழுப்பு நிறக் கேபிள் அனலாக் காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அது வெளியிலுள்ள குறுக்கீட்டை எல்லாம் உள்ளே விடுகிறது.

இரண்டு அறைகளில் இரண்டு பெட்டிகள் வைக்க ஸ்பிளிட்டர் ஒன்றைப் போட்டால், ஒவ்வொரு பெட்டிக்கும் பாதிக்கும் சற்றுக் குறைவான சிக்னலே போகும். எல்லைக்கோட்டில் இருந்த வீடு இதனாலேயே கீழே விழும். பிரிட்டிஷ் வீடுகளில் அடிக்கடி தென்படும் இன்னொன்று: கூரைமேல் ஆன்டெனாவுக்கு அருகில் பொருத்திய பூஸ்டருக்கு மின்சாரம் வீட்டுக்குள்ளிருந்துதான் போகும். அதன் சிறிய அடாப்டர் ஏதோ ஓர் அலமாரிக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். அது எதற்கு என்று தெரியாமல் யாரோ பிடுங்கிவிடுவார்கள், எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் போய்விடும். தொழில்நுட்பரை அழைக்கும் முன் வீட்டிலுள்ள அடாப்டர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஆன்டெனாவின் திசையும் கிடையும் கவனத்துக்குரியவை. பிரிட்டனில் பெரிய கோபுரங்களுக்கு ஆன்டெனாவின் குச்சிகள் தரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். பல துணைக் கோபுரங்களுக்கு அவை நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்து வீடுகளின் கூரைகளைப் பார்த்தாலே எது சரி என்று புரிந்துவிடும். அலைவெண்ணின் பகுதிக்கேற்ப ஆன்டெனாக்கள் தயாரிக்கப்பட்டு, நுனி மூடியின் நிறத்தால் அடையாளமிடப்பட்டன. சிவப்பு கீழ்ப்பகுதிக்கு, மஞ்சள் நடுப்பகுதிக்கு, பச்சை மேற்பகுதிக்கு, கறுப்பு எல்லாவற்றுக்கும். 2020இல் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைபேசிச் சேவைக்காக விடுவிக்கப்பட்டபோது பிரிட்டனின் தொலைக்காட்சி 694 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கியது. பச்சை மூடி ஆன்டெனா எந்தப் பகுதிக்காக உருவாக்கப்பட்டதோ, அந்தப் பகுதியில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. பழுதே இல்லாத ஆன்டெனா பயனற்றுப்போவதற்கு இது நல்ல சான்று. இப்படிப்பட்ட வீட்டில் கேபிளையும் பெட்டியையும் மாற்றிக்கொண்டே போனாலும் நிலைமை மாறாது.

வீட்டுக்குள் வைக்கும் சிறிய ஆன்டெனா கோபுரம் அருகிலிருந்தால் போதும். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பலர் இதையே பயன்படுத்துகிறார்கள். இதன் பலவீனம், ஓர் அடி நகர்த்தினாலே சிக்னல் மாறிவிடுவது. கான்கிரீட் சுவரும், உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும், அறையில் நடமாடும் மனிதர்களும் அலையைக் குறைக்கவோ திருப்பிவிடவோ செய்கிறார்கள். சிக்னல் தரப் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக, முடிந்தவரை உயரத்தில், பெட்டிக்கும் வைஃபை ரௌட்டருக்கும் தள்ளி, இடம் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கிடைத்ததும் அதை அங்கேயே நிலைநிறுத்த வேண்டும்.

குறுக்கீடு கண்டுபிடிக்கக் கடினமானது. பொறுமையாகப் பார்த்தால் அதற்கும் ஒரு நேர ஒழுங்கு தெரியும். குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும்போதும், விளக்கின் சுவிட்சைப் போடும்போதும், வெப்பக்கருவியின் தெர்மோஸ்டாட் பொறி தட்டும்போதும் கண்ணிமைக்கும் நேரம் படம் சிதறினால், அது மின்பொறிக் குறுக்கீடு. மாலையில் விளக்கேற்றிய பிறகு மட்டும் ஒரு கட்டு காணாமல் போனால், மட்டமான எல்இடி விளக்கின் மின்சுற்று காரணமாக இருக்கலாம். விளக்கை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தரமற்ற எச்டிஎம்ஐ கேபிளும் தொலைக்காட்சி அலைவெண்ணில் கசியும். பதிவுப் பெட்டியை இயக்கியதும் சில அலைவரிசைகள் போய், அணைத்ததும் வந்தால், அந்தக் கேபிளை ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கைபேசிக் கோபுரங்களின் குறுக்கீட்டைப் பிரிட்டன் முன்கூட்டியே எதிர்பார்த்தது. 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 4ஜி சேவை வந்தபோது, பாதிக்கப்படும் வீடுகளுக்கு இலவச வடிகட்டிகள் தருவதற்காகவே ‘அட்800’ என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. அதன் செலவு கைபேசி நிறுவனங்களுடையது. பார்வையாளர் மேல் சுமையை ஏற்றாத இந்த ஏற்பாடு பிற நாடுகளும் பின்பற்றத் தக்கது. வடிகட்டியைப் பொருத்தும் இடம் முக்கியம். பூஸ்டர் இருக்கும் வீட்டில் அது பூஸ்டருக்கு முன்னால், ஆன்டெனாவின் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் போட்டால், குறுக்கீடு பூஸ்டரையே திணறடித்த பிறகு வடிகட்டுவதால் பலன் கிடைக்காது.

வானிலைக்கும் பங்குண்டு. நெடிய உயரழுத்தக் காலத்தில், மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காகப் படியும்போது, வானொலி அலைகள் அந்த அடுக்கில் வளைந்து வழக்கத்தைவிட மிகத் தொலைவு செல்லும். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள, அதே அலைவெண்ணைப் பயன்படுத்தும் கோபுரத்தின் சிக்னல் வந்து உள்ளூர்ச் சிக்னலில் மோதும். பிரிட்டனின் தெற்கு, கிழக்குக் கரைகளில் கடல் தாண்டி ஐரோப்பிய நிலையங்கள் இப்படி வருவதுண்டு. மழையும் காற்றுமில்லாத அழகான நாளில் படம் உடைவது இதனால்தான். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை. அழுத்தம் மாறியதும் தானே சரியாகும். காற்று வீசும்போது மட்டும் படம் உடைந்தால் தளர்ந்த கேபிளையோ, கோபுரத்தின் திசையில் ஆடும் மரத்தையோ பார்க்க வேண்டும். இலை தளிர்க்கும் பருவத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் நீங்கும் கோளாறு முற்றிலும் மரத்தின் வேலை.

மறு ட்யூன் எப்போது சரி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோபுரம் தன் அலைவெண்களை மாற்றும்போதும், புதிய அலைவரிசைகள் சேரும்போதும் அது அவசியம். சிக்னல் கெட்டிருக்கும் நேரத்தில் செய்தால் தீங்கே மிஞ்சும். தானியங்கி ட்யூன் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடும். அந்த நேரத்தில் சிக்னல் இல்லாத கட்டுகள் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். ஒரு மணிநேரத்தில் தானாகத் தீர்ந்திருக்க வேண்டிய வானிலைக் கோளாறு, பிறகு சிக்னல் திரும்பினாலும் ‘அலைவரிசைகளைக் காணோம்’ என்ற வேறொரு கோளாறாக மாறியிருக்கும்.

இரண்டு கோபுரங்களின் எல்லையில் உள்ள வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெட்டி தொலைவிலுள்ள கோபுரத்தின் பலவீனமான சிக்னலை முதலில் கண்டு அதைப் பட்டியலில் ஏற்றிவிடும். பக்கத்து வட்டாரத்தின் செய்தி வரும், படமும் உடையும். சரியான அலைவரிசையோ பிரிட்டிஷ் பெட்டிகளில் 800க்கு மேற்பட்ட எண்களில் ஒளிந்திருக்கும். தெரிந்த அலைவெண்களை மட்டும் கையால் ட்யூன் செய்வதே தீர்வு. அந்த வசதி இல்லாத பெட்டிகளில், தேடல் வேண்டாத அலைவெண்களைக் கடக்கும்வரை ஆன்டெனா கேபிளைக் கழற்றி வைத்திருந்து, பிறகு செருகுவது அனுபவசாலிகள் கையாளும் வழி.

ஒலிக் கோளாறுகளில் பல, சிக்னலோடு தொடர்பில்லாதவை. நாடகத்தின் நடுவே ஒரு குரல் ‘அவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார்’ என்று விவரிக்கத் தொடங்கினால், அது பார்வைக் குறைபாடுள்ளோருக்கான ஒலி விவரிப்பு வசதி. ரிமோட்டில் ஏதோ பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டதால் அது இயங்கியிருக்கும். பிரிட்டிஷ் பெட்டிகளில் ‘ஏடி’ என்ற பொத்தானிலோ ஒலி அமைப்புகளிலோ அதை நிறுத்தலாம். எல்லா நிகழ்ச்சிகளிலும் அந்த வசதி இருப்பதில்லை என்பதால் இது சில நேரங்களில் மட்டும் வரும். அதனாலேயே பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

பெட்டியின் சொந்த ஸ்பீக்கரில் ஒலி வந்து, இணைத்துள்ள சவுண்ட்பாரில் மட்டும் வராவிட்டால், பெட்டி அனுப்பும் ஒலியின் வடிவம் சவுண்ட்பாருக்குப் புரியவில்லை. ஒலி வெளியீட்டு அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘டால்பி’ என்றிருப்பதை ‘பிசிஎம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும். எச்.டி. அலைவரிசைகளில் மட்டும் ஒலி இல்லை, மற்றவற்றில் இருக்கிறது என்றால் இதையே முதலில் பார்க்க வேண்டும். இசை உரத்தும் பேச்சு மெலிந்தும் கேட்டால், பல ஸ்பீக்கர்களுக்காகக் கலந்த ஒலி இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் சுருங்கி வருகிறது என்று பொருள். பெட்டியில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுப்பதும், ‘பேச்சுத் தெளிவு’ போன்ற அமைப்பை இயக்குவதும் உதவும். அலைவரிசைக்கு அலைவரிசை ஒலியளவு மாறும் தொல்லையைக் குறைக்க, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ‘ஆர்128’ என்ற பரிந்துரையை வெளியிட்டது. ஒலியின் உச்சத்தை அளப்பதை விட்டுவிட்டு, காதுக்கு அது எவ்வளவு உரப்பாகப் படுகிறது என்பதை அளக்கும் முறை அது. நல்ல காரியம், காலம் தாழ்த்தி வந்தது.

உதட்டசைவும் பேச்சும் ஒத்துப்போகாதது மனத்தை மிகவும் உறுத்தும் கோளாறு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆய்வு வழிகாட்டியின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை பெரிதாகத் தெரியாது. தூரத்து ஒலி கண்ணுக்குத் தெரிவதற்குப் பின்னால் கேட்பது இயற்கையில் வழக்கம், முந்திக் கேட்பது ஒருபோதும் நடக்காதது. அதனால்தான் இந்த வேறுபாடு. இன்றைய பெட்டிகள் படத்தை மெருகேற்றவும் அசைவை மென்மையாக்கவும் நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் வெளி ஸ்பீக்கருக்குப் போன ஒலி முந்திவிடுகிறது. மெருகேற்றும் அமைப்புகளை நிறுத்துவது அல்லது ‘கேம்’ நிலைக்கு மாற்றுவது ஒரு வழி. சவுண்ட்பாரில் ஒலித் தாமதத்தைக் கூட்டுவது மற்றொரு வழி. ஒரே ஓர் அலைவரிசையில் அல்லது ஒரே நிகழ்ச்சியில் மட்டும் இது தெரிந்தால் பிழை நிலையத்தில் நேர்ந்தது.

படத்திலும் சிக்னலோடு தொடர்பில்லாத குறைகள் உண்டு. முகம் நீண்டோ அகன்றோ தெரிவதும், திரையின் ஓரத்து எழுத்து வெட்டுப்படுவதும் பட அளவு அமைப்பின் கோளாறுகள். அதை ‘தானியங்கி’ அல்லது ‘16:9’ என்று வைத்து, ஓரத்தை வெட்டும் ‘ஓவர்ஸ்கேன்’ அமைப்பை நிறுத்தினால் தீரும். வேகமான பந்தாட்டத்திலும், கொட்டும் மழைக் காட்சியிலும், வண்ணக் காகிதங்கள் பறக்கும் மேடையிலும் படம் குழம்பிக் கட்டங்கள் தெரிவது வேறு கதை. ஒரு கட்டுக்குள் அலைவரிசைகளை நெருக்கி அடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தகவல் குறைந்து, கடினமான காட்சிகளைத் தாங்காமல் போகிறது. இந்த நெருக்கடிக்கும் சிக்னல் கோளாறுக்கும் வேறுபாட்டை ஒலியைக்கொண்டு அறியலாம். நெருக்கடியால் வரும் கட்டங்களின்போது ஒலி ஒருபோதும் வெட்டாது. எந்த ஆன்டெனாவை மாற்றினாலும் இது தீராது. அலைவரிசைகளின் எண்ணிக்கைக்காகத் தரத்தை விட்டுக்கொடுப்பது ஒளிபரப்பாளரின் முடிவு. குறை சொல்ல வேண்டிய இடமும் அதுதான்.

பதிவு வசதியுள்ள பெட்டி ஓர் அருமையான சோதனைக் கருவி. கோளாறு வந்த பகுதியைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே இடத்தில் அதே விதமாகப் படம் உடைந்தால், சேதம் பதிவாகும் முன்பே நேர்ந்திருக்கிறது: ஆன்டெனா, கேபிள் அல்லது ஒளிபரப்பு. மீண்டும் ஓட்டும்போது சரியாக இருந்தால், பெட்டிக்கும் திரைக்கும் இடையிலுள்ள எச்டிஎம்ஐ கேபிளையும் திரையையும் பார்க்க வேண்டும்.

கோளாறு வீட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 10ஆம் தேதி இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷரில் உள்ள பில்ஸ்டேல் கோபுரம் தீப்பிடித்தது. 300 மீட்டருக்கும் உயரமான அந்தக் கோபுரம் நின்றுபோனதும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒளிபரப்பு அறுந்தது. இவ்வளவு பெரிய விபத்து அரிது. பராமரிப்புக்காகச் சில மணிநேரம் திறனைக் குறைப்பது சாதாரணம். எதையும் கழற்றும் முன் அண்டை வீட்டில் படம் வருகிறதா என்று கேட்பது மிக எளிய சோதனை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது ஆன்டெனா இருந்தால் மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் கேட்க வேண்டும். எல்லாருக்கும் போயிருந்தால் பொறுப்பு கட்டட நிர்வாகத்துடையது.

தொழில்நுட்பரை அழைப்பவர்கள் மூன்று தகவல்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்: எந்தெந்த அலைவரிசைகள் போயின, எந்த நேரங்களில் போயின, அவற்றின் சிக்னல் தரம் எவ்வளவு. வந்தவர் அளவுமானியால் அளந்து பார்க்காமலேயே புதிய ஆன்டெனாவுக்கு விலை சொன்னால் சம்மதிக்காதீர்கள். கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவைத் திருப்ப நீங்களே ஏணி வைத்து ஏறாதீர்கள். ஈரக் கூரையும் அருகில் ஓடும் மின்கம்பியும் உயிரை வாங்கக்கூடியவை.